பளபளப்பைத் தாண்டிப் பாருங்கள்: தூத்துக்குடி கடற்கரையில் ஐந்து அருமையான வடிவமைப்புகள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு முதல் மாதம் முடிந்ததும் ஓர் ஆசை வரும். கார் வடிவ மவுஸ், வண்ண விளக்கு எரியும் கீபோர்டு, லிப்ஸ்டிக் போன்ற பென் டிரைவ், உள்ளங்கையில் அடங்கும் ஸ்பீக்கர் என்று கடையில் எதைப் பார்த்தாலும் வாங்கத் தோன்றும். சாப்ட்வேர் வேலையில் இருப்பதால், "இதில் எது நல்லது?" என்று உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள்.

பெயர் சொல்லிப் பட்டியல் போட்டால் ஆறே மாதத்தில் அது பழையதாகிவிடும். அதைவிட, ஒரு பொருளின் வடிவமைப்பை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டால் எந்தக் கடையிலும் நீங்களே முடிவு எடுக்கலாம். என் ஊர் தூத்துக்குடி. துறைமுகமும் முத்துக் குளித்த கடலும் உள்ள இந்தக் கரையில், பார்த்து வியக்க வேண்டிய வடிவமைப்புகள் நிறைய உண்டு. அவற்றில் ஐந்தைப் பார்ப்போம். ஒவ்வொன்றும் உங்கள் மேஜை மேல் இருக்கும் ஏதாவது ஒரு பொருளை நினைவுபடுத்தும்.

1. ஆணி இல்லாத படகு

லேசான மரத் துண்டுகளைக் கயிற்றால் பக்கம் பக்கமாகக் கட்டினால் கட்டுமரம். இந்தத் தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனது. இன்று உலகம் முழுவதும் இரட்டை அடிப்பாகம் கொண்ட படகுகளுக்கு அந்தப் பெயர்தான்.

இதன் சிறப்பு என்ன? சாதாரணப் படகுக்குள் அலை புகுந்தால் தண்ணீரை இறைக்க வேண்டும். கட்டுமரத்தில் 'உள்ளே' என்று ஓர் இடமே கிடையாது. மேலே ஏறிய தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியாக வடிந்துவிடும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக வெயிலில் காய வைக்கலாம். ஒரு மரம் பழுதானால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

உங்கள் வீட்டு டெஸ்க்டாப் கம்ப்யூட்டரும் இப்படித்தான். ரேம் போனால் ரேமை மட்டும் மாற்றலாம். ஹார்டு டிஸ்க் போதவில்லை என்றால் இன்னொன்று சேர்க்கலாம். மிக மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் ரேம் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்ட முடியாது. அழகாக இருக்கிறதே என்று வாங்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது மீனவர்கள் பெரும்பாலும் ஃபைபர் படகுக்கு மாறிவிட்டார்கள். ஆனாலும் பிரித்துச் சரிசெய்யலாம் என்ற யோசனை பழசாகவில்லை.

2. ஒரு கல், இரண்டு கயிறு

மன்னார் வளைகுடாவில் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாத காலத்தில் முத்துக் குளித்தவர்களிடம் இருந்த கருவி மிக எளிமையானது. கயிறு கட்டிய ஒரு கல், இன்னொரு கயிற்றில் ஒரு வலைக்கூடை. அவ்வளவுதான்.

கல்லின் மேல் கால் வைத்தபடி இறங்கினால் கல்லின் எடையே அடிமட்டத்துக்குக் கொண்டுபோகும். நீந்தி இறங்கினால் மூச்சில் பாதி வழியிலேயே செலவாகிவிடும். அடியில் சேர்ந்ததும் மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். குளிப்பவர் சிப்பிகளைக் கூடையில் நிரப்பிவிட்டுக் கயிற்றை அசைப்பார். உடனே மேலே இழுத்துவிடுவார்கள். இறங்க ஒரு கயிறு, ஏற ஒரு கயிறு. ஒன்றில் சிக்கல் வந்தாலும் மற்றொன்றைப் பாதிக்காது. மூச்சுப் பிடிக்கும் சில நொடிகளை எதற்குச் செலவு செய்வது என்று யோசித்து உருவாக்கிய ஏற்பாடு இது. கயிற்றின் அசைவைக் கவனிக்கும் ஆள் கண் அயர்ந்தால் உயிரே போய்விடும் என்பதால், அந்த வேலைக்கு மிகவும் நம்பிக்கையானவர்களையே வைத்துக்கொண்டார்கள்.

3. முத்தும் சி.டி.யும்

'பேர்ல் ஒயிட்' என்று சொல்லி செல்போன் விற்கிறார்களே, அந்தப் பளபளப்பு எங்கிருந்து வருகிறது தெரியுமா? முத்தில் சாயம் எதுவும் இல்லை. அது சுண்ணாம்புக் கல்லில் உள்ள அதே கால்சியம் கார்பனேட்தான். ஆனால் சிப்பி அதைச் சுமார் அரை மைக்ரான் தடிமன் கொண்ட தகடுகளாக, நடுவே புரதப் பசை தடவி, சுவர் கட்டுவது போல அடுக்குகிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால்தான் வானவில் சாயல் தெரிகிறது. அந்த அடுக்கு அமைப்பே முத்துக்கு உறுதியையும் தருகிறது. அழகும் உறுதியும் ஒரே அமைப்பிலிருந்து வருவதுதான் இங்கே வியப்பு!

1814-ல் ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர், முத்துச்சிப்பியின் உள்பக்கத்தைக் கறுப்பு மெழுகில் அழுத்திப் பார்த்தார். மெழுகிலும் வானவில் நிறம் வந்துவிட்டது! நிறம் பொருளில் மட்டும் இல்லை, மேற்பரப்பின் நுண்ணிய வரிகளிலும் இருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. உங்களிடம் பழைய சி.டி. இருந்தால் திருப்பிப் பாருங்கள். 1.6 மைக்ரான் இடைவெளியில் ஓடும் தடங்கள் அதே வேலையைச் செய்கின்றன. 'பேர்ல்' பெயிண்டிலோ, டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய மைக்காத் துணுக்குகளைக் கலந்து இதை நகல் எடுக்கிறார்கள். அங்கே பளபளப்பு மேல்பூச்சு மட்டுமே. போனுக்கு எந்த உறுதியும் கூடாது.

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது 1961-ல். அதன்பின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1973-ல் இதே தூத்துக்குடியில் சிப்பிக்குள் செயற்கையாக முத்து வளர்த்துக் காட்டினார்கள்.

4. துறைமுகத்தின் யு.எஸ்.பி. போர்ட்

தூத்துக்குடி துறைமுகம் 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011-ல் வ.உ.சி.யின் பெயர் சூட்டப்பட்டது. அங்கே அடுக்கியிருக்கும் கன்டெய்னர் பெட்டிகளைப் பாருங்கள். வெறும் இரும்புப் பெட்டி என்று தோன்றும். ரகசியம் அதன் எட்டு மூலைகளில் இருக்கிறது.

ஒவ்வொரு மூலையிலும் சுமார் 18 செ.மீ. நீளத்தில் துளை போட்ட ஓர் இரும்புக் கட்டி இருக்கும். லாரி மேலோ கப்பலிலோ உள்ள 'ட்விஸ்ட் லாக்' அந்தத் துளைக்குள் நுழைந்து 90 டிகிரி திரும்பும். பூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான்! 30 டன் எடை வரையுள்ள பெட்டியைக் கிரேன் தூக்குவதும், ஒன்றின் மேல் ஒன்று அடுக்குவதும் இந்த மூலைகளை நம்பித்தான். 20 அடி பெட்டி உண்மையில் 20 அடிக்குச் சற்றுக் குறைவு. ஏன்? இரண்டு பெட்டிகளை மூன்று அங்குல இடைவெளி விட்டு வைத்தால் சரியாக ஒரு 40 அடி பெட்டியின் நீளம் வர வேண்டும் என்பதற்காக!

அமெரிக்காவின் மால்கம் மெக்லீன் 1956 ஏப்ரல் 26-ல் 58 பெட்டிகளோடு முதல் கப்பலை அனுப்பினார். பூட்டும் மூலையும் அவருடைய என்ஜினியர் கீத் டான்ட்லிங்கரின் வேலை. 1963-ல் அந்தக் காப்புரிமைகளை எல்லோரும் கட்டணம் இல்லாமல் பயன்படுத்திக்கொள்ள அவரது நிறுவனம் விட்டுக்கொடுத்தது. அதனால்தான் எந்த நாட்டுப் பெட்டியும் எந்த நாட்டுக் கிரேனிலும் பொருந்துகிறது.

கம்ப்யூட்டரில் இதே வேலையைச் செய்வது 1996-ல் வந்த யு.எஸ்.பி. அதற்கு முன் மவுசுக்கு ஒரு துளை, பிரிண்டருக்கு இன்னொரு துளை. முதலில் வந்த யு.எஸ்.பி.யை எந்தப் பக்கம் செருகுவது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். 2014-ல் வந்த டைப்-சி அந்தக் குறையைத் தீர்த்தது. ஆனால் ஓர் எச்சரிக்கை: துளை ஒன்றாக இருந்தாலும் எல்லா டைப்-சி கேபிளும் ஒன்றல்ல. சில கேபிள்கள் வேகமாக டேட்டா அனுப்பாது. வாங்கும்போது எதற்கு என்று சொல்லி வாங்குங்கள்.

பெட்டியின் எண்ணே ஒரு கணக்கு!

கன்டெய்னரின் மேல் நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் இருக்கும். கடைசி இலக்கம், மற்றவை சரியா என்று சோதிப்பதற்கு. உதாரணமாக சி, எஸ், கியூ, யு, பிறகு 305438, கடைசியில் 3 என்று ஒரு பெட்டியின் எண்ணை எடுத்துக்கொள்வோம்.

எழுத்துகளுக்கு ஏ=10, பி=12, சி=13 என்று மதிப்பு உண்டு. வரிசையில் 11, 22, 33 ஆகிய எண்களை விட்டுவிடுவார்கள். அதன்படி எஸ்=30, கியூ=28, யு=32. இப்போது பத்து இடங்களையும் முறையே 1, 2, 4, 8 என்று 512 வரை பெருக்க வேண்டும். (ரேம் அளவுகளில் பார்த்த எண்கள்தான்!) 13, 60, 112, 256, 48, 0, 320, 512, 768, 4096 என்று வரும். கூட்டினால் 6185. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. கடைசி இலக்கமும் 3. எண் சரி!

டைப் செய்பவர் 305438 என்பதை 304538 என்று மாற்றி அடித்துவிட்டால் கூட்டுத்தொகை 6249 ஆகும். மீதி 1. கம்ப்யூட்டர் உடனே தவறு என்று சொல்லிவிடும். இல்லாவிட்டால் கொழும்புக்குப் போக வேண்டிய சரக்கு எங்கே போய் நிற்குமோ! எக்செல் தெரிந்தவர்கள் இதை ஒரு பயிற்சியாகச் செய்து பாருங்கள். மீதியைக் கண்டுபிடிக்க 'மாட்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது.

5. திரை இல்லாத பெட்டி

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, பல நாள் தங்கி மீன் பிடிக்கப் போயிருந்தவர்களுக்குப் புயல் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. குமரி மாவட்டத்திலும் கேரளாவிலும் பல குடும்பங்கள் ஆட்களை இழந்தன. காரணம் எளிது. கரையிலிருந்து சிறிது தூரம் போனாலே செல்போனுக்கு டவர் கிடைக்காது.

இதற்கு விடையாக 2019 அக்டோபரில் அறிமுகமானதுதான் 'ஜெமினி'. இந்தியக் கடல் தகவல் சேவை மையமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கியது. விமானங்களுக்கு வழிகாட்டும் ககன் செயற்கைக்கோள் சிக்னல் வழியாகவே மீனவருக்கும் செய்தி அனுப்புகிறார்கள். படகில் உள்ள சிறு பெட்டி அதை வாங்கி, புளூடூத் மூலம் மீனவரின் செல்போனுக்குக் கொடுக்கும். புயல் எச்சரிக்கையும் மீன் கிடைக்கும் இடமும் அவரவர் மொழியில் திரையில் வரும்.

இதில் நான் ரசிப்பது, பெட்டிக்கென்று தனியாகத் திரை வைக்காததை! டவர் இல்லாத கடலில் வெறும் கேமராவாக இருந்த செல்போனையே திரையாக மாற்றிவிட்டார்கள்.

ஜெமினியில் ஒரு குறை, செய்தி ஒரு வழியாகத்தான் வரும். ஆபத்தில் இருப்பவர் பதில் அனுப்ப முடியாது. அதற்கு இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவி உண்டு. பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே தகவல் போகும். முன்பு இருந்த கருவியில் தகவல் போய்ச் சேர்ந்ததா என்று மீனவருக்குத் தெரியாது. 2024 ஜனவரியில் இஸ்ரோ அறிவித்த இரண்டாம் தலைமுறைக் கருவி, 'உங்கள் செய்தி கிடைத்தது' என்று பதில் தருகிறது. நடுக்கடலில் தத்தளிப்பவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய தெம்பு!

கடையில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

* பழுதானால் பாகத்தை மட்டும் மாற்ற முடியுமா? (கட்டுமரம்)
* என் நேரத்தையும் உழைப்பையும் எந்த இடத்தில் மிச்சப்படுத்துகிறது? (முத்துக் குளிப்பவரின் கல்)
* அழகு அமைப்பில் இருக்கிறதா, பூச்சில் மட்டுமா? (முத்து)
* என்னிடம் உள்ள மற்ற கருவிகளோடு பொருந்துமா? (கன்டெய்னர்)
* வேலை முடிந்ததா, இல்லையா என்று எனக்குத் தெளிவாகச் சொல்கிறதா? (ஆபத்து அறிவிப்புக் கருவி)

ஐந்துக்கும் நல்ல பதில் கிடைத்தால், கார் வடிவ மவுஸ் என்றாலும் தாராளமாக வாங்குங்கள். அதுவரை செலவில்லாத ஒரு பொழுதுபோக்கு சொல்கிறேன். மதுரை - தூத்துக்குடி நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகும்போது முன்னால் போகும் கன்டெய்னர் லாரியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, கடைசி இலக்கம் சரியாக வருகிறதா என்று பாருங்கள்.