விளக்கை எங்கே கட்டுவது?

அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆரிகன் என்றொரு மாநிலம் இருக்கிறது. அங்கே பசிபிக் கடலில் சின்னச் சின்ன இளஞ்சிவப்பு இறால்களை இழுவை வலை போட்டுப் பிடிக்கிறார்கள். இழுவை வலைக்கு ஆள் பார்க்கத் தெரியாது. வாய்க்கு நேரே வந்ததெல்லாம் உள்ளே போய்விடும். அப்படி மாட்டிக்கொள்ளும் மீன்களில் ஒன்று யூலகான். ஏறக்குறைய ஒரு சாண் நீளம், அவ்வளவுதான். ஆனால் உடம்பில் அத்தனை எண்ணெய்! காயவைத்துத் திரி கோத்தால் மெழுகுவத்தி போல எரியுமாம். இந்த மீன் குறைந்துகொண்டே வந்ததால், 2010இல் அதன் தெற்குப் பகுதிக் கூட்டத்தை அழிவு அச்சுறுத்தலுக்கு உள்ளானதாக அமெரிக்க அரசு அறிவித்தது.

மீனைத் தப்பவிட மீனவர்கள் ஏற்கெனவே ஒரு வழி வைத்திருந்தார்கள். வலைக்குள்ளே சாய்வாக ஒரு கம்பிச் சட்டம். கம்பிகளுக்கு நடுவே 19 மில்லிமீட்டர் இடைவெளி. இறால் அதில் நுழைந்து பின்னால் உள்ள பைக்குப் போய்விடும். பெரிய மீன் சட்டத்தில் முட்டி, மேலே உள்ள திறப்பு வழியாக வெளியேறிவிடும். யூலகான் ஒல்லி ஆயிற்றே! அதுவும் இறாலோடு சேர்ந்து பைக்குள் நழுவிவிடும்.

2014இல் ஆராய்ச்சியாளர்கள் பச்சை எல்.இ.டி. விளக்குகளோடு கடலுக்குப் போனார்கள். அங்குள்ள இறால் படகு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வலைகளை இழுக்கும். சோதனைக்கு எவ்வளவு வசதி பாருங்கள்! ஒரு வலையில் விளக்கு, மற்றதில் இல்லை. அதே கடல், அதே நேரம், அதே ஆழம். இரண்டிலும் விழுந்ததை நிறுத்துப் பார்த்தால் போதும்.

முதலில் கம்பிச் சட்டத்தைச் சுற்றி விளக்கு கட்டினார்கள். வாசல் தெரிந்தால் மீன் வெளியே போகும் என்றுதானே நாமும் நினைப்போம்? நடந்தது தலைகீழ். விளக்கில்லாத வலையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் யூலகான் மாட்டியது!

பிறகு விளக்குகளை வலை வாயின் கீழ்விளிம்புக் கயிற்றுக்கு மாற்றினார்கள். வெறும் 10 விளக்குகள். யூலகான் எடையில் 91 சதவீதம் குறைந்துவிட்டது. இறால் கிட்டத்தட்ட அப்படியே கிடைத்தது. அந்தக் கயிற்றுக்கும் கடல்தரைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி உண்டு. இருட்டில் தெரியாத அந்தச் சந்து வெளிச்சத்தில் தெரிந்ததால், மீன்கள் வலைக்குள் போகாமல் கீழே குனிந்து தப்பியிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். இறாலுக்கு அந்த வேகம் ஏது?

ஆரிகன் அரசு இந்த விளக்கைக் கட்டாயமாக்கியது 2018இல்தான். மீனவர்களில் பலர் அதுவரை காத்திருக்கவில்லை. சோதனை முடிந்த கையோடு விளக்கு வாங்கிக் கட்டிவிட்டார்கள். வேண்டாத மீன் குறைந்தால், படகுத் தளத்தில் குனிந்து குனிந்து பொறுக்கிப் பிரிக்கும் வேலையும் குறையுமே!