பாவு அறுந்தா யாரு பார்க்கிறது? தறிக்கூடத்தில் கவனமும் முதலாளி உறவும்

சங்கரன்கோவில்னு சொன்னா முதல்ல ஆடித்தபசு ஞாபகம் வரும். அடுத்தது விசைத்தறி. தென்காசி மாவட்டத்தின் இந்த ஊரில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது தறிச் சத்தம்தான். அந்தச் சத்தத்துக்குள் நிற்கிற தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான உறவு பல நேரம் ஒற்றை இழையில் தொங்குகிறது.

எப்படி?

தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. ஊடை அறுந்தால் சாதாத் தறிகூட தானாக நின்றுவிடும். பாவு இழை அறுந்தால் பல சாதாத் தறிகள் நிற்காது. ஆள்தான் பார்த்து, நிறுத்தி, முடிச்சுப் போடணும். கண்ணு தவறினால் சேலையில் நீளமாக ஒரு கோடு. ஒருவர் ஒரே நேரத்தில் பல தறிகளைப் பார்க்கிறார் என்பதுதான் இங்கே சிக்கல். கூலியோ நெய்த துணிக் கணக்கு. நிறுத்தினால் கூலி குறையும், விட்டால் துணி கெடும்.

தறிக்கூடச் சத்தம் பொதுவாக 90 டெசிபல்லைத் தாண்டும். உட்கார்ந்து பேச முடியாது. ஆகவே முதலாளி தன் ஆளை எடைபோடுவது மடித்து வைத்த துணியை வைத்துத்தான்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

மேலதிகாரிகள் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை என்று 1975-ல் டான்சரோ, கிரேன், ஹாகா ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். சிலருக்கு நம்பிக்கையும் சுதந்திரமும். மற்றவர்களுக்கு விதிப்படி வேலை மட்டும். தறிக்கூடத்தில் பழக்கிப் பார்த்தால், கவனமான ஆளுக்கு நல்ல தறி, கேட்ட நேரத்தில் முன்பணம். மற்றவருக்குப் பழைய தறி. பழைய தறியில் இழை அதிகம் அறுக்கும். அவர் பெயர் இன்னும் கெடும். இது கொஞ்சம் அநியாயம்தான்.

நூல் மட்டமாக இருந்தாலும், மின்சாரம் ஏறி இறங்கினாலும், ராத்திரி ஷிப்ட்டில் கண் சொருகினாலும் பழி வருவது கவனத்தின் மேல்தான். “அண்ணாச்சி, இந்த நூலு சரியில்ல”ன்னு தொழிலாளி பயமில்லாம சொல்ல முடிகிற இடத்தில் துணி கெடுவதற்கு முன்பே விஷயம் முதலாளிக்குத் தெரிந்துவிடும். கூலியைப் பிடிப்பார்கள் என்ற பயம் இருந்தால் கோடு விழுந்த துணி சத்தமில்லாமல் மடிக்கப்படும்.

வழி இருக்கா?

சாதாத் தறிகளை மேம்படுத்த மத்திய அரசு 2017 ஏப்ரலில் ‘பவர்டெக்ஸ் இந்தியா’ திட்டத்தைத் தொடங்கியது. அதில் மானியத்தோடு பொருத்த வழி செய்யப்பட்ட கருவிகளில் ஒன்று, பாவு அறுந்ததும் தறியைத் தானாக நிறுத்துவது.