நகல் என்ற வசை: கிறஞ்ச் இசையும் அதன் பின்வந்தோரும் - சில குறிப்புகள்

கடந்த மாரியில் எமது வீட்டில் ஒரு பிறந்தநாள் விருந்து. சாப்பாடு முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த வேளையில் என் மருமகனுக்கும் மகளுக்குமிடையே வாக்குவாதம் மூண்டது. விடயம் அரசியலல்ல, இசை. மருமகன் 1992 ஜூன் 28 அன்று, தனது பதினேழாவது வயதில், ஒஸ்லோவை அடுத்த சன்ட்விக்காவில் கல்வோயாத் தீவில் நடந்த திறந்தவெளி இசைவிழாவில் நிர்வாணா குழுவை நேரில் பார்த்தவன். மகளோ 2001இல், பதினான்கு வயதில், நிக்கல்பேக் என்ற கனடியக் குழுவின் பாடலொன்றைக் கேட்டு றொக் இசைக்குள் நுழைந்தவள்.

"உது நகல், தங்கச்சி. அசலைக் கேட்டவனுக்கு உதைக் கேக்கேலாது" என்றான் அவன்.

"அண்ணா, நீங்கள் அங்கை நிண்டனீங்கள் எண்டதுக்காக, நான் கேட்டு அழுதது பொய்யாகுமோ?" என்றாள் அவள்.

நான் றொக் இசையின் இரசிகனல்லன். எனினும் மகளின் கேள்வி என்னை விடவில்லை. 'முன்னர் வந்தவன் உண்மையானவன், பின்னர் வந்தவன் போலி' என்ற வாதத்தை நாம் இசையில் மட்டும் கேட்பவர்களல்லர். ஆகவே இந்த விவகாரம் எங்கே தொடங்கியது, இரு தரப்பும் என்ன சொல்கின்றன என்பதை வாசித்தும் கேட்டும் அறிந்த அளவில் இங்கு எழுதுகிறேன்.

கிறஞ்ச் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அழுக்கு, ஊத்தை என்று பொருள் கொள்ளலாம். சியற்றில் நகரத்து இசைஞரான மார்க் ஆர்ம் 1981இல் பத்திரிகையொன்றுக்கு எழுதிய கடிதத்தில் தன் குழுவைத் தானே பரிகசிக்க இச்சொல்லைப் பயன்படுத்தினார். 1987இல் சப் பொப் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனம் கிறீன் றிவர் குழுவின் தட்டை விளம்பரப்படுத்த அதே சொல்லை எடுத்துக்கொண்டது. அதாவது, பரிகாசமாகப் பிறந்த சொல் ஆறு ஆண்டுகளில் விற்பனைச் சொல்லாகிவிட்டது. 1989இல் அதே நிறுவனம் இங்கிலாந்தின் மெலடி மேக்கர் பத்திரிகையாளர் ஒருவரைச் சியற்றிலுக்கு வரவழைத்து எழுத வைத்தது. 'தூய தொடக்கம்' என்று இன்று பேசப்படும் காலத்திலேயே விளம்பரம் கூடவே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

இசையைப் பொறுத்தவரை இது ஒரு கலவை. எழுபதுகளின் பிளக் சபத் போன்ற குழுக்களின் கனத்த, மெதுவான கிற்றார் ஒலி ஒருபுறம். பங்க் இசையின் அலட்சியமும் வேகமும் மறுபுறம். கிற்றாரின் ஒலியைக் கருவிமூலம் சிதைத்துக் கரகரப்பாக்குவார்கள். சரணம் தாழ்ந்த குரலில் முணுமுணுப்பாகச் செல்லும். பல்லவி திடீரென வெடிக்கும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தான் பிக்ஸீஸ் என்ற குழுவிடமிருந்து எடுத்ததாக நிர்வாணாவின் கேர்ட் கோபெயின் 1994இல் வெளியான பேட்டியொன்றில் தாமே ஒப்புக்கொண்டார். அசல் எனப்படுபவரும் கடன் வாங்கியவரே.

நிர்வாணாவின் முதல் இசைத்தட்டான 'பிளீச்' 1989இல் வெளிவந்தது. அதன் ஒலிப்பதிவுச் செலவு 606 டொலர். இரண்டாவதான 'நெவர்மைன்ட்' 1991 செப்டெம்பரில் ஒரு பெருநிறுவனத்தின் ஊடாக வந்தது. முதலில் அமெரிக்காவில் ஏறத்தாழ 46,000 பிரதிகளே அடித்தார்கள். 1992 ஜனவரியில் அது மைக்கல் ஜக்சனின் தட்டைக் கீழிறக்கி அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. பேர்ல் ஜாம், சவுண்ட்கார்டன், அலிஸ் இன் செயின்ஸ் ஆகிய சியற்றில் குழுக்களும் இக்காலத்திலேயே உலகறிந்தன. அதே 1992 நவம்பரில் நியூயோர்க்கின் ஆடை வடிவமைப்பாளரான மார்க் ஜேக்கப்ஸ் ஏழைப் பெடியளின் கோடுபோட்ட சேர்ட்டை ஆடம்பர உடையாக மேடையேற்றினார். நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை இந்த இளைஞர்களின் 'கொச்சைமொழி அகராதி' ஒன்றை வெளியிட்டது. அதிலிருந்த சொற்கள், முன்னர் சப் பொப்பில் வேலைசெய்த மேகன் ஜாஸ்பர் என்ற பெண் தொலைபேசியில் விளையாட்டாகக் கற்பித்துச் சொன்னவை என்பது பின்னர் வெளிவந்தது.

1994 ஏப்ரலில் கோபெயின் தற்கொலை செய்துகொண்டார். அவருக்கு வயது 27.

இதன்பின் வந்த குழுக்களையே விமர்சகர்கள் பின்-கிறஞ்ச் என்கிறார்கள். இங்கிலாந்தின் புஷ், ஆஸ்திரேலியப் பள்ளிக்கூடப் பெடியளின் சில்வர்செயார், புளோரிடாவின் கிறீட், கடைசியாக நிக்கல்பேக். கனத்த கிற்றார் இருக்கிறது. ஆனால் கரகரப்பு இழைக்கப்பட்டிருக்கிறது. பேர்ல் ஜாமின் எடி வெடர் உயிரெழுத்துக்களைத் தொண்டைக்குள் உருட்டிப் பாடிய முறை இங்கே பலருக்குப் பொதுக்குரலாகிவிட்டது.

முதலாவது கருத்து விமர்சகர்களுடையது: இவர்கள் வேதனையின் ஒலியை எடுத்துக்கொண்டு வேதனையை விட்டுவிட்டார்கள். இரண்டாவது கேட்போருடையது: என் வாழ்வில் எனக்கு உதவிய பாட்டைப் போலி என்று சொல்ல நீ யார்? இவ்விரு தரப்புக்குமிடையிலான தூரத்தை ஓர் உதாரணம் காட்டும். 1994 ஜனவரியில் றோலிங் ஸ்ரோன் சஞ்சிகை நடத்திய கருத்துக்கணிப்பில் வாசகர்கள் ஸ்ரோன் ரெம்பிள் பைலற்ஸ் குழுவை மிகச்சிறந்த புதிய குழுவாகத் தெரிந்தார்கள். விமர்சகர்கள் அதே குழுவை மிகமோசமான புதிய குழு என்றார்கள். பேர்ல் ஜாமின் நகல் என்பது அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம். ஆண்டுகள் சென்றபின் அவ்விமர்சகர்களிற் பலர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்கள்.

மூன்றாவது கருத்து பொருளாதாரம் சார்ந்தது. எனக்கு இதில் கூடுதல் பயன் தெரிகிறது. 1996இல் அமெரிக்காவில் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அதுவரை ஒரு நிறுவனம் நாடு முழுவதிலும் 40 வானொலி நிலையங்களையே வைத்திருக்கலாம். அந்த வரம்பு நீக்கப்பட்டது. சில ஆண்டுகளில் கிளியர் சனல் என்ற ஒரே நிறுவனம் 1,200க்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு உரிமையாளரானது. ஒரே பட்டியல் ஊரூராக ஒலிக்கும்போது பழகிய ஒலியே பாதுகாப்பான ஒலி. இந்த நிலையில் ஒரு பாடகனின் நேர்மையை மட்டும் விசாரிப்பது, தோட்டத் தொழிலாளியின் கையெழுத்தை வைத்துத் தேயிலையின் விலையை ஆராய்வது போன்றது.

அப்படியானால் இரண்டுக்கும் வேறுபாடே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது அசல், நகல் என்ற இடத்தில் இல்லை. புஷ் குழு தனது இரண்டாவது தட்டை 1996இல் வெளியிட்டபோது அதை ஒலிப்பதிவு செய்தவர் ஸ்ரீவ் அல்பினி. நிர்வாணாவின் 1993ஆம் ஆண்டுத் தட்டைப் பதிவுசெய்தவரும் அவரே. அதே கைகள், அதே கரகரப்பு. ஒலியை அப்படியே பெற்றுக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பெரும்பாலான பின்வந்தோர் பெற்றுக்கொள்ளாதது வேறொன்று. 1992 இறுதியில் வந்த 'இன்செஸ்ரிசைட்' தட்டின் உறையில் கோபெயின் ஒரு குறிப்பு எழுதினார். ஒருபாலுறவினரையோ வேறு நிறத்தவரையோ பெண்களையோ வெறுப்பவர்கள் தமது இரசிகர்களாக இருக்கவேண்டாம், கச்சேரிக்கு வரவும் வேண்டாம் என்பதே அதன் சாரம். புகழின் உச்சியில் நின்று தன் வாடிக்கையாளரிற் சிலரை வெளியே போகச் சொன்ன செயல் அது. பேர்ல் ஜாம் குழுவினர் 1994 ஜூனில் அமெரிக்க காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முன் சென்று, நுழைவுச்சீட்டு விற்பனையில் ரிக்கற்மாஸ்ரர் நிறுவனம் செலுத்திய ஆதிக்கத்துக்கு எதிராகச் சாட்சியமளித்தார்கள். அரசாங்கம் அடுத்த ஆண்டு விசாரணையைக் கைவிட்டது, அவர்கள் தோற்றார்கள். பின்வந்தோரிற் பலரிடம் வேதனை உண்டு. ஆனால் அது யாருக்கும் எதிராக நிற்பதில்லை. 'நான் நொந்தேன்' என்பதோடு முடிந்துவிடுகிறது. இதுவே என் முறைப்பாடு. நகலெடுத்தார்கள் என்பதல்ல.

மருமகனின் பக்கத்துக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். அதற்கு நாம் ஒஸ்லோவை விட்டு வெளியே போகவேண்டியதில்லை. அவன் கல்வோயாவில் நின்ற அதே 1992 ஜூன் மாதம், 6ஆம் திகதி, பேர்கனுக்கு அருகிலுள்ள ஃபன்தொஃப்ற் மரத் தேவாலயம் தீக்கிரையானது. தொடர்ந்து வேறு தேவாலயங்களும் எரிக்கப்பட்டன. இவற்றின் பின்னால் நின்றவர்கள் பிளக் மெற்றல் என்ற இசையைச் சேர்ந்த இளைஞர்கள். மேஹெம் குழுவின் ஒய்ஸ்தைன் ஓர்ஸெத் 1991இல் ஒஸ்லோவின் பழைய நகர்ப்பகுதியில் ஹெல்வெத்த, அதாவது நரகம், என்ற பெயரில் ஓர் இசைத்தட்டுக் கடை நடத்தினார். அவ்வட்டாரத்தின் பெரிய வசை, 'நீ நாகரிகத்துக்காக இதைக் கேட்கிறாய்' என்பதுதான். யார் உண்மையானவன் என்ற போட்டி நாளுக்கு நாள் முற்றியது. 1993 ஓகஸ்ட் 10 அன்று ஓர்ஸெத் தொயன்காத்தாவிலுள்ள தனது குடியிருப்பில் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர் அதே வட்டாரத்தைச் சேர்ந்த வார்க் வீக்கர்னெஸ். 1994இல் 21 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற அவர் பின்னர் வெளிப்படையாகவே இனவாதம் பேசினார். குறொன்லான்ட் கடைகளில் மீனும் மரக்கறியும் வாங்கி நாம் நடந்து திரிந்த தெருக்கள் இவை. போட்டியும் சொந்தப் பகையும் கலந்த கொலை அது என்பதை அறிவேன். ஆயினும் தூய்மையை அளவுகோலாக்கிய ஒரு சிறு கூட்டம் எங்கே போய் முடியலாம் என்பதை எம் வாசலிலேயே கண்டோம். துரோகி என்ற சொல்லை எம்முள் எவ்வளவு இலகுவாகப் பாவித்தோம் என்பதை அறிந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு மாறான உதாரணமும் நோர்வேயிலேயே உண்டு. தொன்ஸ்பெர்க் நகரத்தின் ஸைக்மென் குழுவினர் தொண்ணூறுகளின் அதே கனத்த கிற்றார் அலையில் வந்தவர்கள். 1994இல் அவர்கள் வெளியிட்ட 'தொத்தால்' தட்டின் பாடல்கள் நோர்வீஜிய மொழியிலானவை. சந்தை பெரியது ஆங்கிலத்தில் என்று தெரிந்தும் தம் ஊர் மொழியில் பாடினார்கள். ஒலி காற்றோடு வந்தது, சொல்லவேண்டியது அவர்களுடையது. இவர்களை நகல் என்பதில் அர்த்தமில்லை.

எமது எழுத்துக்கு வருகிறேன். எண்பதுகளின் இறுதியில் இங்கு வந்து இறங்கிய எம்மவர், வடக்கே மீன் தொழிற்சாலைகளில் வேலைசெய்துகொண்டு எழுதிய கவிதைகளில் பனியும் பனையும் வந்தன. அப்போது அவை கண்ட காட்சிகள். சில ஆண்டுகளில் அவை அச்சுவார்ப்பாகிவிட்டன. பனி பெய்தால் அடுத்த வரியில் அம்மா நிற்பாள் என்று வாசகனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வார்ப்பை எமக்குத் தந்தது வேறெவருமல்லர், நாமே. எம்முடைய பின்-கிறஞ்சையும் நாமே எழுதினோம். ஆனால் இங்கு பிறந்த ஒரு பெண் நோர்வீஜிய மொழியில் யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதினால், 'காணாததை எழுதுகிறாள், இரவல் வலி' என்று தீர்ப்புச் சொல்ல முதலில் கை உயர்த்துபவர்களும் நாமே.

அவளிடம் கேட்கவேண்டிய கேள்வி, நீ அங்கே நின்றாயா என்பதல்ல. பெற்றுக்கொண்ட வடிவத்தில் உனக்குச் சொல்ல என்ன இருக்கிறது, யாருக்கு எதிராக நிற்கிறாய் என்பதே. இதே கேள்வியை எங்களிடமும் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. அதற்கு எம்மிற் பலரிடம் ஆயத்தமான பதில் இல்லை என்றே நினைக்கிறேன்.

அன்றிரவு வாக்குவாதம் முடியவில்லை. மருமகன் புறப்படும்போது, அந்தக் கல்வோயாக் கச்சேரியில் தான் பின்வரிசையில் நின்றதாகவும், பாதிப் பாட்டுச் சரியாகக் கேட்கவில்லை என்றும் சொன்னான். மகள் சிரித்தாள். மாற்றுக் கருத்துடையோர் எழுதுவார்களாக.