செத்த சிப்பி சொல்லும் சேதி

சோமனூரில் தறிச் சத்தம் கேட்காத நேரம் குறைவு. அதை அடுத்த சாமளாபுரம் வழியாகப் போகும் நொய்யல், திருப்பூரைத் தாண்டி, சென்னிமலைப் பக்கம் கொடுமணலுக்குப் போய்ச் சேருகிறது. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே நடத்திய அகழாய்வுகளில் மணிக்கற்களோடும் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளோடும் சங்கு வளையல் துண்டுகளும் கிடைத்தன.

கொங்கு நாட்டில் கடல் ஏது? தூத்துக்குடி அங்கிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பு யாரோ சுமந்து வந்திருக்கிறார்கள். எந்தக் கடலில் குளித்து எடுத்த சங்கு அது? விடை அந்த ஓட்டுக்குள்ளேயே இருக்கலாம்.

சங்கு, சிப்பி வகை உயிர்கள் வளர வளரச் சுண்ணாம்பைப் படலம் படலமாக அடுக்கி ஓட்டைக் கட்டுகின்றன. அப்போது அவற்றின் டி.என்.ஏ. துணுக்குகளும் உள்ளே மாட்டிக்கொள்கின்றன. சதை அழுகினாலும் இவை மிஞ்சும். கிளியோ டெர் சர்க்கிசியன் குழு 2017-ல் வெளியிட்ட ஆய்வில், 7,000 ஆண்டுப் பழைய ஓடுகள் வரை டி.என்.ஏ. கிடைத்தது. நோயுற்ற ஒரு சிப்பியின் ஓட்டில் அந்த நோய்க்கிருமியின் தடயம்கூட இருந்தது!

சரி, இதனால் யாருக்கு என்ன லாபம்? தூத்துக்குடியைக் கேளுங்கள். அங்கே கால் நூற்றாண்டு இடைவெளிக்குப் பின் 1955-ல் மறுபடி தொடங்கிய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. முத்துச்சிப்பிகள் சில வருஷம் பெருகும், பிறகு காணாமல் போகும். அது பழைய கதைதான். ஆனால் இந்த முறை திரும்பவே இல்லை. முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரியாமல், எவ்வளவு இழந்தோம் என்று எப்படிச் சொல்வது?

இங்கேதான் அருங்காட்சியக பீரோ கைகொடுக்கிறது. தறிக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், பல நிற நூல் ஓடும் துணி போன்றது பெரிய கூட்டத்தின் டி.என்.ஏ. கூட்டம் சிறுத்து, தலைமுறைகள் அப்படியே கழிந்தால் நிறங்கள் ஒவ்வொன்றாக உதிரும். நூறு வருஷத்துக்கு முந்தைய ஓடுகளையும் இன்றைய சிப்பிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எத்தனை நிறம் போயிற்று என்று எண்ணலாம்.

சிக்கலும் உண்டு. வெப்பம் டி.என்.ஏ.வைச் சீக்கிரம் சிதைக்கும். நம் ஊர் மண்ணுக்குள் அத்தனை காலம் கிடந்த கொடுமணல் துண்டில் ஏதாவது தேறினால் அதிர்ஷ்டம். பீரோவில் இருந்த ஓட்டுக்கு வாய்ப்பு அதிகம். அதிலும் துளை போட்டுத் தூள் எடுக்க வேண்டும். எடுத்த இடம் எடுத்ததுதான். எந்த அருங்காட்சியகக் காப்பாளருக்குத்தான் மனசு வரும்?

பளபளப்பான சங்கைக் கொடுத்தால் ஆய்வாளர் மகிழ்ந்துவிடுவார் என்று நினைக்க வேண்டாம். எங்கே, எந்த வருஷம் எடுத்தது என்ற சீட்டு தொலைந்திருந்தால் அது அலங்காரப் பொருள். ஊரும் தேதியும் எழுதிய, ஓரம் உடைந்த சிப்பியைத்தான் அவர் கேட்பார்.