தன்னாட்சி ரோபோக்களின் கால்பந்தாட்டத்தில் குழு ஒருங்கிணைப்பு

முன்னுரை

1997ஆம் ஆண்டு மே மாதம் டீப் புளூ என்னும் கணினி, சதுரங்க உலக வாகையர் கேரி காஸ்பரோவை வென்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜப்பானின் நகோயா நகரில் முதலாவது ரோபோகப் கால்பந்துப் போட்டி நடைபெற்றது. உலகக்கோப்பை வென்ற மனித அணியை 2050ஆம் ஆண்டளவில் மனித உருவ ரோபோ அணி வெல்ல வேண்டும் என்பது இதன் நீண்டகால இலக்கு. சதுரங்கத்தில் பலகை முழுவதும் தெரியும். காய்கள் முறைவைத்து நகரும். ஒரு கணினியே முடிவெடுக்கும். கால்பந்தில் இம்மூன்றும் இல்லை. இச்சூழலில் ரோபோக்கள் ஓர் அணியாக இயங்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

மையக் கட்டுப்பாடும் பகிர்ந்த கட்டுப்பாடும்

சிற்றளவு ரோபோப் பிரிவில், களத்தின்மேல் பொருத்தப்பட்ட கேமராக்கள் ஆட்டம் முழுவதையும் காண்கின்றன. வெளியேயுள்ள கணினி ஒவ்வொரு ரோபோவுக்கும் கம்பியில்லா முறையில் கட்டளையிடுகிறது. இங்கு ஒருங்கிணைப்பு என்பது ஒரே அறிவின் திட்டமாகும். மனித உருவ ரோபோப் பிரிவிலோ கேமராவும் கணினியும் ரோபோவின் உடலிலேயே உள்ளன. தான் கண்டதையும் தோழர் அனுப்பிய சிறு செய்தியையும் கொண்டே ஒவ்வொன்றும் முடிவெடுக்க வேண்டும். செய்தி தாமதமாகலாம், வராமலும் போகலாம்.

பங்கு ஒதுக்கீடு

ஒருங்கிணைப்பு இல்லையெனில் அனைத்து ரோபோக்களும் பந்தை நோக்கி ஓடும். அல்லது மற்றொன்று செல்லும் எனக் கருதி எதுவும் செல்லாது. இதனைத் தவிர்க்க, ஆட்டக்காரரையும் பங்கையும் வேறுபடுத்துவர். பந்தை அடைய ஆகும் நேரத்தை ஒவ்வொரு ரோபோவும் கணித்துப் பகிரும்; குறைந்த நேரமுடையது தாக்குநராகும்; ஏனையவை துணைநிற்றல், தடுத்தல் ஆகிய பங்குகளை ஏற்கும். இரு ரோபோக்களின் கணிப்பு ஏறத்தாழ ஒன்றாயின் பங்கு நொடிக்கு நொடி மாறி, இரண்டும் நடுவழியில் தயங்கும். ஆதலின் வேறுபாடு குறிப்பிட்ட எல்லையைக் கடந்தால் மட்டுமே பங்கு மாறுமாறு விதி அமைப்பர்.

முன் உடன்பாடு

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்டோன், மானுவேலா வெலோசோ ஆகியோர் ‘உடைமாற்றும் அறை உடன்பாடு’ என்னும் கருத்தை முன்வைத்தனர். ஆட்டத்திற்கு முன் தடையின்றிப் பேசலாம், ஆட்டத்தின்போது இயலாது. எனவே அணிவகுப்பையும், அதனை மாற்ற வேண்டிய நிலைமைகளையும் முன்னரே வரையறுத்துவிடுவர். கோல் கணக்கும் எஞ்சிய நேரமும் அனைவருக்கும் தெரியுமாதலால், பின்தங்கிய அணி ஒரு செய்தியும் பரிமாறாமலே தாக்குதல் அணிவகுப்புக்கு மாற இயலும். இம்முறையைக் கையாண்ட அவர்களது அணி, 1998ஆம் ஆண்டு உருவகப் போட்டியின் 8 ஆட்டங்களில் 66 கோல்கள் அடித்து, ஒரு கோலும் வாங்காமல் வென்றது. எனினும் தனித்திறன்களும் இவ்வெற்றிக்குக் காரணமாதலின், கோல் எண்ணிக்கை மட்டுமே ஒருங்கிணைப்பின் சிறப்பை நிறுவாது. தனித்திறன் ஒத்த இரு அணிகளில் ஒருங்கிணைப்பு முறையை மட்டும் மாற்றி ஆடச்செய்வதே முறையான சோதனையாகும்.

முடிவுரை

1995ஆம் ஆண்டின் கோபே நிலநடுக்கம் ரோபோகப் மீட்புப் பிரிவு தோன்றத் தூண்டுகோலாயிற்று. இடிபாடுகளிடையே தகவல்தொடர்பு அறுபடுவது இயல்பு. அந்நிலையிலும் ஒவ்வொரு ரோபோவும் தன் பங்கையும் தோழரின் பங்கையும் அறிந்து செயல்பட முன் உடன்பாடு துணைசெய்யும். கால்பந்துக் களம் அதற்குரிய, உயிரிழப்பற்ற சோதனைக்களமாக விளங்குகிறது.