யோகத்தின் தொன்மை

யோகம் என்றவுடன் நம்முள் பலருக்கு நினைவில் எழுவது ஆசனமே. 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21-ஆம் நாள் உலக யோக நாளாகக் கொண்டாடப்படும்போதும் நாம் காண்பது அதுவே. அவ்வாறாயின், முழங்கால் மடங்காத முதியவருக்கு யோகம் இல்லையோ? பழைய நூல்களைக் கேட்டுப் பார்ப்போம்.

நூல்களுக்கும் முற்பட்ட சான்றென ஒரு முத்திரையைச் சிலர் காட்டுவர். 1928-29-இல் மொகஞ்சதாரோவில் கிடைத்த அது, புதுடில்லித் தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. கொம்புடைய தலையணி பூண்டு, கால் மடக்கி அமர்ந்த உருவம் அதில் காணப்படுகின்றது. அது யோக நிலையிலுள்ள சிவனின் முன்னுருவம் என்று சர் ஜான் மார்ஷல் கருதினார். பின்வந்த அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. சிந்துவெளி எழுத்து ஐயமறப் படிக்கப்படாத நிலையில், அம்முத்திரையைக் கொண்டு முடிவு கூறுதல் இயலாது.

சொல்லோ தெளிவாகப் பேசுகின்றது. 'யுஜ்' என்னும் வடமொழி வினையடிக்குப் பூட்டுதல் என்று பொருள். இருக்கு வேதத்தில் தேரில் குதிரை பூட்டுதலை அது குறிக்கும். கடோபநிடதம் அத்தேரை அகத்தே காண்கின்றது: உடல் தேர், ஆன்மா தேரில் அமர்ந்தவன், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள். புலன்களை நிலைபெற நிறுத்துதலே யோகம் என்பது அதன் கருத்து. சமமான தூய இடத்தில் நிமிர்ந்தமர்ந்து மூச்சை அடக்கும் முறையைச் சுவேதாசுவதர உபநிடதம் கூறும்.

இந்நெறியை முறைப்பட வகுத்தது பதஞ்சலியின் யோக சூத்திரம். அதன் காலத்தைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 5-ஆம் நூற்றாண்டுக்கும் இடையே அறிஞர் பலவாறு கணிப்பர். நான்கு பாதங்களில் 195 சூத்திரங்கள். சில பதிப்புகளில் 196. மனத்தின் அலைவை அடக்குதலே யோகம் என்று இரண்டாம் சூத்திரமே இலக்கணம் கூறிவிடுகின்றது. எட்டு உறுப்புகளுள் ஆசனம் மூன்றாவது. அதற்கு அமைந்தவை மூன்றே சூத்திரங்கள். இருக்கை உறுதியும் சுகமும் உடையதாதல் வேண்டும் என்பதன்றி, ஓர் ஆசனத்தின் பெயரையேனும் பதஞ்சலி சொன்னாரில்லை. ஆசனங்களின் விரிந்த செய்முறை, 15-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறும் அடயோகப் பிரதீபிகை போன்ற பிற்கால நூல்களில் வளர்ந்ததாகும்.

ஆசனத்துக்கு முன்னே நிற்பவை இயமமும் நியமமும். கொல்லாமை, வாய்மை, கள்ளாமை முதலியன இயமம். தூய்மை, உள்ள நிறைவு முதலியன நியமம். இவ்வெட்டு உறுப்புகளையும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் நம் தமிழிலேயே விளக்குகின்றது.

ஆசனம் உடலுக்கு நலந்தருவதே. அதனை விலக்க வேண்டுவதில்லை. ஆயினும் யோகத்தின் வாயில் அதுவன்று. பொய் சொல்ல எழுந்த நாவை ஒருவர் அடக்கிக்கொள்ளும்போதே அவ்வாயில் திறந்துவிடுகின்றது. முழங்கால் மடங்காத முதியவரும் அதன் வழியே தடையின்றிச் செல்லலாம்.