கூட யாரு வந்திருக்கா?

2017 ஆகஸ்ட் 6, ஞாயிற்றுக்கிழமை இரவு. கொல்லம் மாவட்டம் சாத்தனூர் அருகே நடந்த பைக் விபத்தில், நெல்லைப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போயிருந்த ஒரு தொழிலாளிக்குத் தலையில் பலத்த அடி. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எல்லாம் கெட்டது. கொல்லத்திலும் திருவனந்தபுரத்திலுமாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார்கள். வென்டிலேட்டர் இல்லை, மூளை அறுவை மருத்துவர் இல்லை, நோயாளியோடு இருக்க ஆள் இல்லை என்று ஆளுக்கொரு காரணம். ஏறக்குறைய ஏழு மணி நேரம் வண்டியிலேயே கழிந்து, மறுநாள் காலையில் அவர் இறந்துபோனார். சில நாட்களில் கேரள முதல்வர் பினராயி விஜயன் சட்டப்பேரவையில் அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார்.

வென்டிலேட்டர் இல்லாதது வசதிக் குறை. ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பியது வேறு சங்கதி. "கூட யாரு வந்திருக்கா?" என்பதுதான் நம் ஆஸ்பத்திரிகளிலும் முதலில் வரும் கேள்வி. சம்மதக் கையெழுத்துப் போட, ரத்தத்துக்கு ஓட, ஸ்கேன் அறைக்கு ஸ்ட்ரெச்சர் தள்ள, ராத்திரி டிரிப் தீர்ந்தால் நர்ஸைக் கூப்பிட ஓர் ஆள் இருந்தே தீருவார் என்ற நம்பிக்கையில்தான் வார்டு நடக்கிறது. பிழைக்கப் போனவருக்கு அந்த ஆள் ஊரில் இருக்கிறார்.

தென்காசியை அடுத்த எங்கள் இலஞ்சிக்காரர்களுக்குக் கொல்லம் தூர தேசம் அல்ல. செங்கோட்டை, புளியரை தாண்டினால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர். அந்தச் செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. பாட்டனார் உள்ளூர்க்காரராகப் போய்வந்த மலைப்பாதையில் பேரன் வெளிமாநிலத் தொழிலாளியாகப் போகிறான். கட்டட வேலை, ரப்பர் வெட்டு, இரும்புக்கடை, பால் கறவை என்று போகும் கூட்டம் இன்றும் ஓயவில்லை. எதிர்த்திசையிலும் ஆட்கள் வருகிறார்கள். குற்றாலத்தில் சீசனுக்கு ரூம் எடுத்தால் படுக்கை விரிக்கிறவர் இந்தியோ வங்காளமோ பேசுகிறார். தென்காசியில் எழும் புதுக் கட்டடங்களில் கம்பி கட்டுகிறவர்களும் அப்படியே. ஒரே மாவட்டம் ஆளை அனுப்பவும் செய்கிறது, வாங்கவும் செய்கிறது. ஆகவே, அங்கே நம் பிள்ளைக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறோமோ அதை இங்கே பிறர் பிள்ளைக்குக் கொடுக்கிறோமா என்பதை இந்த ஊரில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம்.

இடம்பெயர்கிறவரின் உடம்பை அரசுகள் பார்க்காமல் இருந்ததே இல்லை. யாருக்காகப் பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி. ராமேசுவரம் ரயிலில் போகிறவர்கள் 'மண்டபம் கேம்ப்' என்ற நிலையத்தைக் கடந்திருப்பார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போன தமிழர்களை அடைத்துவைத்துச் சோதித்த இடம் அது. அதற்கு முன் தூத்துக்குடி வழியாகப் போனவர்களுக்குத் தட்டப்பாறையில் ஒரு முகாம் இருந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் 1914இல் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு மண்டபம் முக்கியமானது. கங்காணி கூட்டி வந்த குடும்பங்களை நாள்கணக்கில் தங்கவைத்து, காலரா, பிளேக், அம்மை இருக்கிறதா என்று பார்த்து, அம்மை குத்தி, துணிகளைக் கிருமிநீக்கம் செய்து அனுப்பினார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்று எண் பொறித்த தகர வில்லை வேறு. அந்தச் சோதனையை மருத்துவர்கள்தான் செய்தார்கள். ஆனாலும் அது தொழிலாளியின் நலனுக்காக நடந்ததல்ல. தோட்டத்துக்கு நோய் வந்துவிடக் கூடாது, கூலிக்குப் போட்ட முன்பணம் வீணாகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அதே மண்டபத்தில்தான், 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தோட்டத் தொழிலாளர்கள் தாயகம் திரும்பியவர்களாக வந்து இறங்கினார்கள். அவர்களில் சிலருக்கு வேலை கொடுக்க 1976இல் புனலூரில் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் அமைந்தது. இலஞ்சியிலிருந்து மலையேறி இறங்கினால் அந்த ரப்பர்த் தோட்டங்கள் வந்துவிடும். 1983 கலவரத்துக்குப் பிறகு அகதிகளும் மண்டபத்துக்கே வந்தார்கள். 2022இல் இலங்கைப் பொருளாதாரம் நொறுங்கியபோது படகில் அரிச்சல்முனையில் இறங்கியவர்களையும் அங்கேதான் கொண்டுபோனார்கள்.

வருகிறவரை நோயாகவே பார்த்த அந்தப் பழைய மண்டபப் பார்வை, நம் புளியரைச் செக்போஸ்ட்டிலும் எட்டிப் பார்க்கும். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்றால் கோழி வண்டிகளுக்கு மருந்து தெளிப்பு, நிபா என்றால் வருகிற ஆட்களுக்குக் காய்ச்சல் சோதனை. அது தேவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் செக்போஸ்ட்டில் நிற்கும் சுகாதாரப் பணியாளர் நம்மைக் காக்க நிற்கிறார். எல்லை தாண்டி வருகிறவர் அவர் கண்ணுக்கு நோயைச் சுமந்து வருபவர்தான், நோயாளி அல்ல.

இந்தப் பழக்கத்தை உடைத்தது, என் கணக்கில், ஓர் அரசாணை. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம். தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கியபோது அதன் உச்ச வரம்பு ரூ.1 லட்சம். பட்டியலில் 600க்கும் மேற்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகள். அடிபட்டவர் தமிழ்நாட்டுக்காரராக இருக்கலாம், வெளிமாநிலத்தவராக, வெளிநாட்டவராகக்கூட இருக்கலாம். காப்பீட்டு அட்டை வேண்டாம், வருமானச் சான்று வேண்டாம். எங்கிருந்து வந்தார் என்பது பொருட்டே இல்லை, எங்கே அடிபட்டார் என்பது மட்டுமே கணக்கு. கேரளமும் 2017 சாவுக்குப் பிறகு 48 மணி நேர இலவசச் சிகிச்சை பற்றிப் பேசியது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று அதே ஆண்டு நவம்பரில் 'ஆவாஸ்' காப்பீட்டையும் கொண்டுவந்தது. தொடங்கியபோது அதில் சிகிச்சைக்கு ரூ.15,000, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு ரூ.2 லட்சம். செத்தால் கிடைப்பது பெரிய தொகையாகவும் பிழைக்கக் கிடைப்பது சின்னத் தொகையாகவும் இருப்பது நம் நாட்டு வழக்கம்.

சரி, 49ஆவது மணி நேரம்? அல்லது விபத்தே இல்லாத, மெல்லத் தின்கிற நோய்?

சாதாரண காய்ச்சலுக்குத் தென்காசி பெரியாஸ்பத்திரியில் யாரும் ரேஷன் கார்டு கேட்பதில்லை. சீட்டு எழுதி, மாத்திரையும் கையில் கொடுத்துவிடுவார்கள். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்து மருந்துக் கொள்முதலை ஒழுங்குபடுத்தியதன் பலன் அது. இந்த விஷயத்தில் வட மாநிலத்திலிருந்து வருகிற தொழிலாளி சொந்த ஊரில் காணாததை இங்கே காண்கிறார். சிக்கல் இரண்டு இடத்தில்.

ஒன்று, பெரிய அறுவைச் சிகிச்சை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வெளிமாநிலத்தவரும் சேரலாம். ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வசிப்பதற்கு உரிய அதிகாரியின் சான்று வேண்டும். படித்தால் நல்ல விதி. ஆனால் மாதம் ஒரு சைட் மாறுகிறவர், கான்ட்ராக்டர் போட்ட தகரக் கொட்டகையில் ஏழெட்டுப் பேரோடு படுக்கிறவர், வாடகைச் சீட்டுக்கு எங்கே போவார்? அவர் இங்கே இருப்பது தெரிந்த ஒரே ஆள் கான்ட்ராக்டர். தொழிலாளர் சட்டப்படி பதிவு செய்யாமல் ஆள் வைத்திருந்தால் அந்தக் கான்ட்ராக்டர் எதற்குச் சாட்சி சொல்லப் போகிறார்?

இரண்டாவது, நேரம். புறநோயாளிப் பிரிவு காலையில் நடக்கிறது, கூலி வேலையும் காலையில்தான் தொடங்குகிறது. டாக்டரைப் பார்க்க வேண்டுமானால் அன்றைய சம்பளம் போச்சு. அதனால் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இப்படித்தான் முற்றிப்போகின்றன. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் வந்தபோது மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. ஆனால் வாசல் உள்ளவர்களுக்குத்தான். பிறகு வேலையிடங்களுக்கும் அதைக் கொண்டுபோனார்கள். கட்டட வேலைக்கொட்டகைக்கும் அது வர வேண்டும்.

இலங்கை அகதிகள் கதை சற்று வேறு. தமிழ்நாட்டில் 29 மாவட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் இருப்பதாக 2021இல் அரசு கணக்குச் சொன்னது. முகாம்களுக்கு வெளியே காவல் நிலையப் பதிவோடு இன்னும் 34,000 பேர். காப்பீட்டுத் திட்டம் முகாமில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இடம் தருகிறது. பெயரும் 'மறுவாழ்வு முகாம்' ஆகிவிட்டது, பத்துக்குப் பத்து அறைகளுக்குப் பதிலாகப் புது வீடுகளும் எழுகின்றன. இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு என்பதை நினைத்தால் இது சிறிய காரியம் அல்ல. நான் அதைவிட முக்கியமாக நினைப்பது, 1984இல் எஸ்.சி. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் செய்ததை. முகாம்களிலிருந்தே ஆட்களை எடுத்துச் சுகாதாரப் பணிக்குப் பழக்கினார்கள். சத்துக் குறைந்த குழந்தைகளுக்குச் சுருள்பாசி வளர்த்துக் கொடுத்தார்கள். எந்த வீட்டில் யாருக்குப் பேறுகாலம், யார் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பது வரிசை வீட்டில் இருக்கிற பெண்ணுக்குத் தெரியும். கூட வர ஆளும் கிடைத்துவிட்டது.

ஒடியா பேசும் பத்துப் பேர் இருக்கிற கொட்டகையில் ஒருவருக்கு இதே பழக்கத்தைக் கொடுக்க என்ன செலவாகும்? கேரளத்தில் 2020இல் எர்ணாகுளம் பக்கம் 'பந்து' என்ற நடமாடும் மருத்துவ வண்டி தொழிலாளர் குடியிருப்புகளுக்கே போகத் தொடங்கியது. தாய்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. மியான்மர், கம்போடியா, லாவோஸிலிருந்து வந்தவர்கள், ஆவணம் இல்லாதவர்கள்கூட, பணம் கட்டி மருத்துவ அட்டை வாங்கலாம் என்றது. 2013 வாக்கில் ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக் கட்டணம் 365 பாட், அதாவது நாளுக்கு ஒரு பாட். எல்லோரும் வாங்கிவிடவில்லை. ஆனாலும் ஆவணத்தையும் வைத்தியத்தையும் பிரித்துவைத்தார்கள்.

காசநோயில்தான் இந்தப் பிரிப்பு உயிர்போகும் விஷயம். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். நடுவில் விட்டால் மருந்துக்கு அடங்காத வடிவம் எடுக்கும், பக்கத்தில் படுப்பவருக்கும் பரவும். 'நிக்ஷய்' இணையப் பதிவில் ஒரு நோயாளியை நாட்டின் எந்த ஊருக்கும் மாற்றலாம், மாதம் ரூ.1,000 ஊட்டச்சத்துத் தொகையும் அவர் கணக்குக்கே போகும். வழி இருக்கிறது. ஆனால் ஊருக்குப் போகிறேன் என்று நோயாளி சொல்ல வேண்டும், யாராவது அதைக் கேட்க வேண்டும். எப்போது போவார்கள் என்பது ரகசியமும் அல்ல. நம் பக்கத்து ஆட்கள் பங்குனி உத்திரத்துக்குக் குலசாஸ்தாவைத் தேடி வந்தே தீருவார்கள். பீகார்க்காரர்கள் சட் பூஜைக்குக் கிளம்புவார்கள். உத்திரத்துக்கு முந்தைய வாரம் புனலூரிலும், சட் பூஜைக்கு முந்தைய வாரம் தென்காசியிலும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு மேசை போட்டு, கையில் ஒரு மாத மாத்திரையைக் கொடுத்து, போகிற ஊரின் சுகாதார நிலையத்துக்குப் பெயரை மாற்றிவிட இரண்டு பணியாளர்கள் போதும்.